மாற்றுத்திறனாளிக்கு வேலையும் தனி வாழ்வும்: யாழ்ப்பாணத்தில் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கிற வீட்டில் அரச உதவி என்று பேச்சு வந்தால் முதல் கேள்வி "மாதம் எவ்வளவு தருவினம்?" என்பதுதான். அந்தப் பணம் தேவை. அதை எடுக்கும் வழியையும் கீழே சொல்கிறேன். ஆனால் பல குடும்பங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், மலசலகூடத் திருத்தம், தொழிற்பயிற்சி, சுயதொழில் உதவி, அரச வேலையில் 3 வீத ஒதுக்கீடு எல்லாம் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் கூடுதலானோர், ஏதோ ஒரு குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அலுவலகம் அவர்களைத் தேடி வரும் என்று காத்திருக்க முடியாது. நாமாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகமாக இருந்தாலும், முடிந்தவரை அந்த ஆளே போகட்டும். அண்ணன், அத்தான், ஊர்ப் பெரியவர் என்று வேறு யாரோ போய்ப் பேசினால் கிடைப்பது பெரும்பாலும் கொடுப்பனவு மட்டும்தான். தனக்கு என்ன வேலை செய்ய விருப்பம், எங்கே தடக்குப்படுகிறது என்பதை அவரால்தான் சரியாகச் சொல்ல முடியும். வாய் பேச முடியாதவர் என்றால் எழுதிக் காட்டட்டும், அல்லது சைகை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். கை இயங்காவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும்.

முதல் படி: சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிவது

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. நெடுந்தீவிலிருந்து மருதங்கேணி வரை ஒவ்வொன்றிலும் சமூக சேவைக்கென்று உத்தியோகத்தர் இருப்பார். மாற்றுத்திறனாளிக்கான ஏறக்குறைய எல்லா அரச உதவியும் அவருடைய மேசையைக் கடந்துதான் போகும். மத்திய அரசின் சமூக சேவைகள் திணைக்களம், பத்தரமுல்லையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம், வட மாகாண சமூக சேவைகள் திணைக்களம் மூன்றும் வேறு வேறு பணத்தில் வேறு வேறு உதவிகளைச் செய்கின்றன. மூன்றுக்கும் விண்ணப்பம் போவது பிரதேச செயலகம் வழியாகத்தான். அதனால் "மத்தியிலும் மாகாணத்திலும் எனக்குப் பொருந்துகிற உதவி என்னென்ன இருக்கு?" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் ஒன்றுக்கு மட்டும்தான் பதில் வரும்.

அதற்கு முன் கிராம அலுவலரிடம் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்திய கடிதம் எடுக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இல்லாவிட்டால் அதையும் அவர் வழியாகவே தொடங்குங்கள். நடமாட்டம் இல்லாத பிள்ளைக்கு அட்டை எதற்கு என்று விட்டுவைத்த வீடுகள் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்குப் பிறகு வங்கிக் கணக்கிலிருந்து வேலை விண்ணப்பம் வரை எல்லாம் அந்த அட்டையில்தான் போய் முட்டும்.

உத்தியோகத்தர்கள் வெளிக்களத்துக்குப் போகும் நாட்கள் உண்டு. போக முன்னர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டோ பிடித்து, சக்கர நாற்காலியை மடித்து ஏற்றிக்கொண்டு போய், கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் திரும்புவது மனதை உடைத்துவிடும். தீவகத்தில் இருப்பவர்கள் தங்கள் பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவை எப்போது என்று விசாரித்து வைத்திருப்பது நல்லது. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்குவது நல்ல கால் உள்ளவருக்கே சிரமம்.

இரண்டாம் படி: வைத்தியர் எழுதும் அந்த இரண்டு வரி

விண்ணப்பப் படிவங்களில் அரச வைத்தியர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். உதவி கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. நெருக்கடியான கிளினிக்கில் வைத்தியருக்கு நேரம் இருக்காது. "வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிடுவார். அது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அலுவலகம் எந்த முடிவுக்கும் வர முடியாது.

அந்த ஆளால் எது முடியும், எது முடியாது, என்ன கிடைத்தால் முடியும் என்பதும் அதில் வர வேண்டும். இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: "செயற்கைக் காலுடன் நடப்பார், நீண்ட நேரம் நிற்க முடியாது, இருந்து செய்யும் எல்லா வேலைக்கும் தகுதியானவர்." இந்த ஒரு வரி கொடுப்பனவுக்கும் உதவும், நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் உதவும். "வேலை செய்ய இயலாதவர்" என்று மொட்டையாக எழுதிய சான்றிதழ் மாதப் பணத்தை வாங்கித் தரலாம். அதே கடதாசியை வேலை தருபவர் பார்த்தால் கதை அங்கேயே முடிந்தது. அதனால் ஒரு சிறு துண்டில் உங்கள் அன்றாடச் சிரமங்களை நான்கைந்து வரியில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து வைத்தியரிடம் நீட்டுங்கள். அவருக்கும் அது உதவிதான்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் என்று நீங்கள் வழக்கமாகக் காட்டும் இடத்திலேயே சான்றிதழ் எடுப்பது நல்லது. உங்கள் பழைய பதிவுகள் அங்கேதான் இருக்கும். மனநோய், வலிப்பு, காது கேளாமை போன்ற வெளியே தெரியாத குறைபாடுகளுக்கு இது இன்னும் முக்கியம். கண்ணால் பார்த்ததும் தெரியாததைக் கடதாசிதான் காட்ட வேண்டும். கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே அறிக்கை எல்லாவற்றிலும் மூன்று நான்கு பிரதி எடுத்து ஒரு கோவைக்குள் வையுங்கள். மூலப் பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்றாம் படி: எழுத்தில் கேட்பது

வாயால் கேட்டதற்கு அலுவலகத்தில் பதிவு கிடையாது. உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போனால் உங்கள் கோரிக்கையும் அவரோடு போய்விடும். அரைப் பக்கக் கடிதம் ஒன்று போதும். பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, இப்படி எழுதலாம்:

"நான் மேற்படி கிராம அலுவலர் பிரிவில் வசிக்கும், பார்வைக் குறைபாடுடையவர். க.பொ.த. உயர்தரம் வரை கற்றுள்ளேன். கணினித் தட்டச்சுப் பயிற்சி பெற்று வேலை செய்ய விரும்புகிறேன். எனக்குப் பொருத்தமான பயிற்சி, மாதாந்தக் கொடுப்பனவு, வெள்ளைப்பிரம்பு ஆகியவற்றைப் பெற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வைத்தியச் சான்றிதழின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

இரண்டு பிரதியாகக் கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த முத்திரை பின்னால் எத்தனையோ தடவை கைகொடுக்கும்.

நான்காம் படி: மாதாந்தக் கொடுப்பனவு

குறைந்த வருமானமுள்ள குடும்பத்தின் மாற்றுத்திறனாளிக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 7,500 ரூபாவாக இருந்த தொகை 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரச நலன்புரித் திட்டமான அஸ்வெசும ஏற்பாட்டுக்குள் வருகிறது. குடும்பத்துக்கு என்று வரும் அஸ்வெசுமப் பணம் வேறு, மாற்றுத்திறனாளிக்கான இது வேறு. ஒன்று வருகிறதே என்று மற்றதைக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம்.

நிதி ஒதுக்கீடு போதாமல் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போடுவதும் நடக்கிறது. பட்டியலில் எத்தனையாவது இடம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம், அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பார்வையற்ற ஒருவருக்கு இது பெரிய விஷயம்.

ஐந்தாம் படி: உடலுக்குப் பொருந்துகிற உபகரணம்

இலவசமாகத் தருகிறார்கள் என்று கிடைத்த சக்கர நாற்காலியை வாங்கி வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இருக்கையின் அகலம் இடுப்பை விடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். அதிகம் அகன்றால் உடம்பு ஒரு பக்கம் சரியும். முதுகு வளைந்துவிடும். கால் வைக்கும் தட்டு தாழ்ந்திருந்தால் பாரம் முழுக்கத் தொடையின் கீழ்ப்பக்கத்தில் விழும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு உணர்ச்சி இருக்காது. புண் வருவதே தெரியாது. அதனால் நாற்காலியோடு நல்ல மெத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மெத்தையைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் படுக்கைப்புண் வந்து மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தால் வேலை, பயிற்சி எல்லாம் பாழ். பிசியோதெரபி பிரிவில் அளவு எடுத்து எழுதித் தரும்படி கேட்டால், அந்தத் துண்டை விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

வடமராட்சி கிழக்கு மணல் ஒழுங்கைகளில் சாதாரணச் சக்கர நாற்காலியின் முன் சில்லு புதைந்துவிடும். அப்படியான இடத்தில் இருப்பவர் கையால் மிதிக்கும் முச்சக்கர வண்டியைக் கேட்பதுதான் புத்தி. வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தேவைப்படுவதும் உண்டு. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

செயற்கை அவயவத்துக்கு, அரச நிறுவனம் இல்லாவிட்டாலும், யாழ்ப்பாணத்தில் முதலில் நினைவுக்கு வருவது யாழ் ஜெய்ப்பூர் நிறுவனம். 1987 இல் தொடங்கி, போர்க்காலம் முழுக்கவும் அதன் பின்னரும் கால் இழந்தவர்களுக்குக் கால் செய்து கொடுத்துவரும் இடம். ஜெய்ப்பூர்க் காலின் இரப்பர்ப் பாதம் செருப்பில்லாமல் நடக்கவும் குந்தி இருக்கவும் ஏற்றதாக வடிவமைத்தது. கோயிலுக்கும் வயலுக்கும் போகிற எங்கள் வாழ்க்கைக்கு அது ஒத்துவரும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: காலம் போகப் போக மிஞ்சியிருக்கும் கால் மெலியும், பாரம் கூடிக் குறையும். பழைய கால் ஆடத் தொடங்கினால் துணியைச் சுற்றிச் சமாளிக்காமல் போய் அளவு மாற்றுங்கள். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

காது கேட்கும் கருவிக்கு வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய செலவுள்ள சிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் படி: வீட்டைத் திருத்துவது

வேலைக்குப் போக முதலில் ஒருவர் காலையில் தானே மலசலகூடம் போய்க் குளித்து உடுத்த வேண்டும். எங்கள் பழைய வீடுகளில் விறாந்தைக்கு ஏறவே இரண்டு மூன்று படி. மலசலகூடம் வளவின் கோடியில். குளிப்பது கிணற்றடியில். மலசலகூடத்திலோ நிலத்தோடு குந்தும் தொட்டி. இந்த மூன்றையும் சரிசெய்தால் வீட்டில் இன்னொருவர் முழுநேரமாகக் கூட நிற்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. படியின் உயரம் ஒரு அடி என்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மேசன்மார் இடம் மிச்சம் பிடிக்க நான்கு அடியில் செங்குத்தாகப் போட்டுவிடுவார்கள். அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் ஆள் கவிழும். இடம் போதாவிட்டால் முற்றத்தில் வளைத்துக் கட்டலாம். மழைக்கு வழுக்காமல் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். மலசலகூடத்தில் கொமட், இரண்டு பக்கமும் கைபிடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, நாற்காலி நுழையும் வாசல் அகலம் இருக்க வேண்டும். தேசிய செயலகம் வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் உதவி செய்கிறது. காணி உறுதியின் பிரதி, கட்டுமான மதிப்பீடு, இப்போதைய நிலையின் படம் ஆகியவற்றைச் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

பொதுக் கட்டடங்களுக்கு இது சட்டம். 2006 ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் அலுவலகம், வங்கி, பாடசாலை, வைத்தியசாலை எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகின்றன. மேல்மாடியில் நேர்முகப் பரீட்சை வைத்தால், கீழே வைக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

ஏழாம் படி: படிப்பும் பயிற்சியும்

காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கைதடி நவீல்ட் பாடசாலை, பார்வையற்றோருக்குச் சுன்னாகம் வாழ்வகம், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலை ஆகியவை யாழ்ப்பாணத்தாருக்குத் தெரிந்த இடங்கள். பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம், எழுதிக் கொடுப்பவர் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டு எடுக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் கேட்டால் நடக்காது. பல்கலைக்கழக அனுமதியிலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட ஏற்பாடு உண்டு. கைநூலில் அந்தப் பக்கத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

தொழிற்பயிற்சிக்குச் சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தங்கிப் படிக்கும் நிலையங்களை நடத்துகிறது. சீதுவையில் உள்ளது அதில் ஒன்று. தூரமும் மொழியும் யோசிக்க வேண்டியவை. எனக்குக் கேட்டால், முடிந்தவர்கள் யாழ்ப்பாணத்திலேயே தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் எல்லோரோடும் சேர்ந்து படிப்பதுதான் நல்லது. என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எல்லோருக்கும் ஒன்றுதான், வேலை தருபவரும் அதைத்தான் பார்ப்பார். சேர முன்னரே வகுப்பறை எந்த மாடியில், மலசலகூடம் எப்படி என்று போய்ப் பார்த்துவிட்டு, தேவையானதை எழுத்தில் கேளுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ளவர்கள் கணினி வேலையை விட்டுவிட வேண்டாம். என்.வி.டி.ஏ என்கிற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். அன்ட்ரொயிட் தொலைபேசியில் திரையை வாசித்துச் சொல்லும் டோக்பேக் வசதி ஏற்கனவே இருக்கிறது.

எட்டாம் படி: வேலை

1988 ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வரும் வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. சுற்றறிக்கை சட்டத்தின் பலம் கொண்டதல்ல. அதனால்தான் இத்தனை வருடமாகியும் பல இடங்களில் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடக்கிறது. ஆனாலும் விண்ணப்பத்தில் அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டு, வைத்தியச் சான்றிதழை இணைத்து, "இந்த ஒதுக்கீட்டின் கீழும் என்னைப் பரிசீலிக்கவும்" என்று எழுதுங்கள். எழுதாதவரைப் பரிசீலிக்க அவர்களுக்குக் காரணமே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியையும் வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் தவறாமல் பாருங்கள்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு இதைவிடப் பலமானது. குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதிலோ கல்வி நிலையத்தில் சேர்ப்பதிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது.

தனியார் வேலைக்கு மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைக் கேளுங்கள். கச்சேரியிலும் (மாவட்ட செயலகம்) பிரதேச செயலகங்களிலும் இருக்கிறார்கள். தொழிற்சந்தைகளையும் அவர்களே நடத்துகிறார்கள். நேர்முகத்தில் முதலாளிக்கு வரும் பயம் ஒன்றுதான்: "இவரால் ஏலுமா?" வாய்ப்பேச்சில் அந்தப் பயம் தீராது. இரண்டு வாரம் பரீட்சார்த்தமாக வேலை செய்து காட்டுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். மேசையின் உயரத்தைக் கூட்டுவது, கீழ்மாடியில் இடம் தருவது, வாய்ச்சொல்லுக்குப் பதிலாக வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவது மாதிரி என்ன மாற்றம் தேவை என்பதையும் நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலானவை காசில்லாத மாற்றங்கள். இரக்கப்பட்டு எடுத்தேன் என்று சம்பளத்தைக் குறைப்பவரிடமும், ஊழியர் சேமலாப நிதி கட்டாதவரிடமும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் என்பது எல்லோருக்கும் பொதுவான கணக்கு.

சுயதொழில் என்றால் பிரதேச செயலகத்தின் உதவியோடு ஜெய்ப்பூர் நிறுவனத்தின் சுழற்சிக் கடனையும் (ஒருவர் திருப்பிக் கட்டும் பணத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது) விசாரியுங்கள். பனையோலைக் கைப்பணிக்குப் பனை அபிவிருத்திச் சபை பயிற்சி தருகிறது. "தையல் செய்யப்போகிறேன்" என்று மட்டும் எழுதாமல், மோட்டார் பூட்டிய மெஷினின் கொட்டேஷன், யாருக்குத் தைப்பது, மாதம் எத்தனை உருப்படி என்று எழுதினால் விண்ணப்பம் மேலே வரும். ஆடும் கோழியும்தான் தருவோம் என்றால், உங்களால் வளர்க்க முடியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏலாத தொழிலை எடுத்து நட்டப்பட்டவர் என்று கோவையில் ஏறிவிட்டால் அடுத்த உதவி கடினம்.

பணமும் வாக்கும்

கணக்கு அவருடைய பெயரிலேயே இருக்கட்டும். பார்வையற்றவர் என்பதற்காகத் தனிக்கணக்கு மறுத்தால் முகாமையாளரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். தேர்தலில் தனக்கு நம்பிக்கையான ஒருவரை உதவிக்குக் கூட்டிச்சென்று வாக்களிக்க 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

மறுத்தால்

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பத்தரமுல்லையிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி கேளுங்கள், அரசியலமைப்பு தரும் உரிமை அது. அரச அலுவலகம் பாகுபாடு காட்டியதாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் பிராந்திய அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் போதும், கட்டணம் இல்லை. அவசரத்துக்கு ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மேலே சொன்ன 1996 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் போகலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. போகும்போது திகதி முத்திரை குத்திய பிரதிகளைக் கொண்டு போங்கள். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த திகதியை அதன் ஓரத்தில் அன்றைக்கே எழுதி வைத்திருந்தால் ஒரு மாதக் கணக்கில் குழப்பம் வராது.